தலைவலி வந்தால் உடனே நிறுத்தவும்

— கதவத் தாழ்ப்பா போட்டியா டெய்சி?

— போட்டாச்சுங்க. கொல்லக் கதவும் போட்டாச்சு.

— அம்மா?

— அத்தை ஏலாக்குறிச்சி பஸ் ஏறுனத நின்னு பாத்துட்டுத்தான் வந்தேன். ரெண்டாவது சனிக்கெழமயாச்சே. பூசை பாத்து, மெழுகுத்திரி கொளுத்தி, அடைக்கல மாதாகிட்ட ஒரு பாட்டம் அழுதுட்டு வர மூணு மணியாவும்.

— அப்ப நமக்கு நெறைய நேரம் இருக்கு. பீரோவத் தொறந்து அந்த மெஷின எடு.

— வேணாங்க.

— என்னாடி வேணாம்? டியூப் போட்டு யூரின் எடுத்தாச்சு. சக்கர வண்டியிலேருந்து கட்டிலுக்கு மாறியாச்சு. கிளட்ச்ச மிதிச்சு கியரும் போட்டாச்சு. இப்பப் போயி வேணாம்னு நிக்கிற.

— அந்த மெஷினு போன வாரம் எங்க இருந்துச்சுன்னு தெரியுமா உங்களுக்கு? கால் மரத்துப் போனா தேச்சுக்கறதுன்னு அத்தைகிட்ட நீங்க அளந்துட்டீங்க. அவங்க எடுத்து கிர்ருன்னு அதிர உட்டு முட்டியில வச்சுத் தேச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க.

— அய்யய்யோ. கேட்டுச்சாமா வலி?

— நல்லாக் கேட்டுச்சாம். பக்கத்து வூட்டு செல்லக்கண்ணு அம்மாவுக்கும் ஒரு நாளைக்குக் குடுன்னாங்க. உசுரக் கையில புடிச்சிக்கிட்டு வாங்கி உள்ள வச்சேன்.

— சிரிக்கிற பாத்தியா? அவ்வளவுதான் விஷயம். சிரிச்சுக்கிட்டே எடுத்துட்டு வா.

— நான் சிரிக்கலங்க. எனக்குப் பயமா இருக்கு.

— எனக்கு மட்டும் இல்லியா? குவாரியில டிப்பரோட நாப்பதடிப் பள்ளத்துல கவுந்தேனே, அன்னைக்குக் கூட இப்படிப் பயப்படல. அன்னைக்கு பயப்படுறதுக்கு நேரமே இல்ல. இது பாரு, நாமளே நாளு பாத்து, நேரம் பாத்து, பயத்த வூட்டுக்குக் கூப்புட்டு உக்கார வைக்கிறோம்.

— அப்ப உட்ருங்களேன். நமக்கு எதுக்குங்க இது?

— எதுக்கா? நாலு வருஷமா இந்தத் தெரு கேக்குதுல்ல, 'டெய்சிக்கு ஒண்ணுமில்லியா'ன்னு. அவங்களுக்குத் தெரியும் எனக்கு முடியாதுன்னு. தெரிஞ்சே உன்னக் கேக்குறாங்க. நீயும் தலயக் குனிஞ்சுக்கிட்டுப் போற. என்னால பாக்க முடியலடி.

— கேட்டாக் கேட்டுட்டுப் போறாங்க. போன மாசம் இதே கட்டில்ல நீங்க கெடந்த கெட எனக்குத்தான் தெரியும். மூஞ்சி மொளகாப்பழமாட்டம் செவந்து, கண்ணு பிதுங்கி, கழுத்து நரம்பு வெரலு தண்டிக்குப் பொடச்சு...

— எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கு. மெஷின வச்சு ரெண்டு நிமிஷம் ஆயிருக்கும். பொறமண்டையில சம்மட்டியால அடிச்ச மாதிரி ஒண்ணு உழுந்துச்சு. மாருக்குக் கீழ எனக்கு ஒண்ணுந் தெரியாது. ஆனா மேலயெல்லாம் வேர்வ ஊத்துது. 'வந்துருச்சுங்க, வந்துருச்சுங்க, கப்புல புடிச்சிட்டேன்'னு நீ சொன்னது காதுல கேட்டுச்சு. அதுக்கப்புறம் தல மட்டுந்தான். வேற ஒண்ணுமே இல்ல உலகத்துல. உன் பேரச் சொல்லிக் கத்துனேன்ல?

— கத்துனீங்க.

— எத்தன தடவ?

— எண்ணலங்க.

— நீ பாவம், போன எடுத்துக்கிட்டு கொல்லைக்கு ஓடியிருக்க. வூட்டுக்குள்ள டவரு கெடைக்கல. திரும்ப வந்து என் முதுகுக்கு அடியில கையக் குடுத்து, ஒத்த ஆளா நிமித்தி உக்கார வச்ச பாரு, அப்பத்தான் எனக்கு உசுரே வந்துச்சு. அந்த அவசரத்துல கப்பு கொட்டிப் போனா போவுது. நாலு வருஷ ஆச மெத்தையில ஊறிப் போச்சு, சரி. ஆளு மிஞ்சுனேன்ல? பங்குச் சாமியார்கிட்டக் கூட சொன்னேன்.

— சாமியார்கிட்டயா? என்னன்னு சொன்னீங்க?

— மெஷினப் பத்தியா சொல்லுவேன்? பிரஷர் ஏறிப் போயி சாவக் கெடந்தேன் சாமி, பொண்டாட்டிதான் காப்பாத்துனான்னேன். அவரு உனக்கு மால போடாத கொறதான்.

— இனிமே யார்கிட்டயும் அப்படிச் சொல்லாதீங்க.

— ஏன், சொன்னா என்ன?

— சொல்லாதீங்கன்னா உட்ருங்களேன்.

— இங்க பாரு டெய்சி. பயம்னு சொல்ற, சரி. ஆனா பயம் மட்டும் இல்ல, வேற ஒண்ணு இருக்கு. எனக்குத் தெரியும்.

— என்ன தெரியும்?

— நாலு ஞாயிறா பூசையில நீ நன்மை அப்பம் வாங்கல. சாமியார் என் வண்டிகிட்டக்க வந்து நாக்குல வைக்கிறாரு. நான் திரும்பிப் பாக்குறேன். கோயிலே எந்திரிச்சு வரிசையில நிக்கிது, நீ மட்டும் முட்டி போட்டு முக்காட்ட இழுத்து உட்டுக்கிட்டு இருக்க. மொத வாரம், வயித்துக்கு முடியலன்னு நெனச்சேன். நாலு வாரமா? மெஷின் வச்சுப் புள்ள பெத்துக்கறது பாவம்னு எவனோ உன் மண்டையில ஏத்தியிருக்கான்.

— ஒருத்தரும் ஏத்தல.

— அப்ப என்னாதான் பாவம்? சாமியார்கிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிட்டு வாங்க வேண்டியதுதானே?

— போனேன். பெட்டி முன்னாடி போயி முட்டி போட்டேன். வாயே வரலங்க. எந்திரிச்சு வந்துட்டேன்.

— அப்படி என்னாடி சொல்ல முடியாதது?

— அத உட்ருங்க.

— சரி, எங்கிட்டயும் சொல்ல மாட்ட. இரு, கோகுலகிருஷ்ணனுக்குப் போன் போடுறேன். நமக்கு மெஷின் கத்துக்குடுத்த மனுஷன், அவனே வந்து உனக்குப் புத்தி சொல்லட்டும்.

— எதுக்குங்க அவர இப்ப...

— ரிங்கு போவுது, பேசாம இரு. அலோ, கோகுல் தம்பியா? வரதராசன்பேட்ட ஆல்பர்ட் பேசுறேன். ஸ்பீக்கர்ல போட்ருக்கேன், டெய்சியும் பக்கத்துல இருக்கா.

— ரைட்டு, சொல்லுங்கண்ணே. வணக்கங்க்கா. பெரம்பலூருக்கு வந்து ரொம்ப நாளாச்சு.

— வணக்கங்க தம்பி. பாப்பா நல்லாருக்கா?

— அவ இப்ப என் வீல்சேர நான் ஏறுறதுக்கு முன்னாடி ஏறி உக்காந்துக்குறாக்கா. எறங்கவே மாட்டேங்குது.

— கேட்டியாடி? அந்த மெஷின்ல வந்த பொண்ணுதான். தம்பி, விஷயம் என்னன்னா, போன மாசம் எனக்குத் தலவலி வந்துச்சுன்னு சொன்னேன்ல? அதுலேருந்து இவ மெஷினத் தொட மாட்டேங்குறா. நீ கொஞ்சம் எடுத்துச் சொல்லு.

— அக்கா பயப்படுறதுல தப்பில்லண்ணே. நான் ஒண்ணொண்ணா கேக்குறேன், மறைக்காம சொல்லுங்க. உங்களுக்கும் எனக்கும் முதுகுத்தண்டுல அடி, மாரு மட்டத்துல. மெஷின் வச்சு விந்து எடுக்கறப்ப கீழ ஒடம்பு பதறிக்கிட்டு நிக்கும், மண்டையிலேருந்து அடக்குற சேதி அங்க போவாது. அதுனால பிரஷர் கண்டபடி ஏறும். தொண்ணூறு இருக்கற ஆளுக்கு எரநூறு காட்டும். தலவலின்னு சாதாரணமா சொல்றோம், மூளையில ரத்தக்கொழா வெடிச்சுப் போனவங்க இருக்காங்கண்ணே.

— அத ஏன் தம்பி இவகிட்டப் போயி...

— தெரிஞ்சிக்கிறது நல்லதுண்ணே. அதுக்குத்தான் டாக்டரு பிரஷர் எறக்குற மாத்திர எழுதிக் குடுத்தாரு. அன்னைக்கு முன்கூட்டியே போட்டீங்களா இல்லியா?

— போட்டாருங்க தம்பி. நான்தான் பிரிச்சு, தண்ணியோட கையில குடுத்தேன்.

— டெய்சி.

— என்னங்க?

— நான் முழுங்கல.

— என்னது?

— நாக்குக்கு அடியில ஒதுக்கி வச்சிருந்து, நீ அந்தப் பக்கம் திரும்புனப்ப துப்பிட்டேன்.

— சேசுவே! ஏங்க இப்படிப் பண்ணீங்க?

— அந்த மாத்திர போட்டா எனக்குக் கண்ணு இருட்டிப் போவுது. ஆளு தொங்கிடுறேன். புள்ளைக்கு அப்பனாவுற நேரத்துல நான் தூங்கி வழிஞ்சுக்கிட்டுக் கெடக்கணுமா? கீழ என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது, நீ பாத்துச் சொன்னாத்தான் உண்டு. கண்ணாலயாவது அங்க இருக்கணும்னு நெனச்சேன். அவ்வளவுதான்டி.

— ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. சொல்லியிருந்தா நான்...

— தப்பு என்மேலதான். நான் பண்ண திருட்டு வேலைக்கு நீ ஒரு மாசமா உன்னையே தின்னுக்கிட்டு இருக்க. மன்னிச்சிக்க.

— எங்கிட்ட மன்னிப்பு கேக்காதீங்க. தயவு செஞ்சு கேக்காதீங்க.

— அண்ணே, நீங்க பண்ணது பெரிய தப்பு. டிப்பர் ஓட்டுன மனுஷன், பிரேக் இல்லாம வண்டிய எறக்கத்துல உடுவீங்களா? ரைட்டு, நடந்தது நடந்துருச்சு. அக்கா, அவரு தலவலின்னு சொன்ன ஒடனே மெஷின எடுத்துட்டு, நிமித்தி உக்கார வச்சீங்களா? அந்த ஒண்ணு ரெண்டு நிமிஷத்துலதான் ஆளோட உசுரே இருக்கு.

— அத அவளுக்கு நீ சொல்லணுமா தம்பி? பீரோக் கதவுல எழுதி ஒட்டி வச்சிருக்கிறதே அவதான். ஒண்ணாங்கிளாஸ் புள்ளைங்களுக்குப் போர்டுல எழுதற மாதிரி, குண்டு குண்டா. 'தலைவலி வந்தால் உடனே நிறுத்தவும். உடனே உட்கார வைக்கவும்.' அடியில ரெண்டு கோடு வேற.

— அக்கா? லைன்ல இருக்கீங்களா?

— இருக்கேங்க தம்பி.

— ரைட்டு. இந்தத் தடவ வூட்டுல வேணாம். நேரா பெரம்பலூர் கிளினிக்குக்கு வந்துடுங்க. நர்சு பிரஷர் பாத்துக்கிட்டே பக்கத்துல நிப்பாங்க, ஏறுனா ஒடனே நிறுத்திடலாம். எனக்கும் மொத நாலஞ்சு தடவ அப்படித்தான் பண்ணாங்க. உங்க நாள் கணக்கு மட்டும் சொல்லுங்கக்கா, அதுக்கேத்த மாதிரி வரச் சொல்றேன். கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?

— இந்த மாசம் காலண்டர்ல அவ வட்டமே போடல தம்பி. தெனம் பாக்குறேன் நான். அதையும் எங்கிட்ட மறைக்கிறா.

— கிளினிக்கு வேணாங்க தம்பி.

— ஏங்க்கா? அங்க பயமே இல்ல.

— எனக்குத் தள்ளிப் போயிருக்கு. பதினாறு நாளு. குச்சி வாங்கிப் பாத்துட்டேன். ரெண்டு கோடு வந்துச்சு. நம்பாம ஜெயங்கொண்டத்துல வேற கடையில இன்னொண்ணு வாங்கியும் பாத்துட்டேன்.

— டெய்சி?

— ஆமாங்க.

— என்னடி சொல்ற? நெசமாவா? மாதா மேல சத்தியமா?

— நெசந்தாங்க.

— ஏலே கோகுலு! கேட்டுச்சாடா உனக்கு? நான் அப்பன்டா! இந்த மரக்கட்ட அப்பனாயிட்டான்டா!

— அண்ணே! ரைட்டுண்ணே! இருங்க, ஏ தென்றல், இங்க வா, ஆல்பர்ட் அண்ணன் வூட்டுல விசேஷமாம்! அண்ணே, என் பொண்டாட்டி குதிக்கிறா இங்க.

— டெய்சி, கிட்ட வாடி. தலயக் குனி, கன்னத்துல ஒண்ணு... ஏன்டி அழுவுற? இந்த நேரத்துல போயி அழுவுறா பாரு தம்பி.

— அழுவட்டும்ணே, நாலு வருஷமாச்சுல்ல. அக்கா, இனிமே அவரத் தூக்கிப் போடுற வேலையெல்லாம் நீங்க பண்ணக் கூடாது, சொல்லிட்டேன். அப்புறம் அண்ணே, ஒண்ணு. டாக்டரம்மாகிட்டச் சொல்லணும், சிரிஞ்சுல எடுத்து உள்ள வச்ச தேதி என்னன்னு கேப்பாங்க. எந்தத் தேதி?

— தேதியா? மெஷின் வச்சதே ஒரு தடவதானே தம்பி. போன மாசம் ரெண்டாவது சனி...

— ரைட்டு, அப்ப அன்னைக்கா?

— அன்னைக்கு... அன்னைக்குத்தான்... தம்பி, நான் அப்புறமா கூப்புடுறேன்.

— அண்ணே? என்னாச்சு?

— ஒண்ணுமில்ல. வச்சிடுறேன்.

— ஏங்க அப்படிப் பாக்குறீங்க?

— அன்னைக்கு கப்பு கொட்டிப் போச்சுன்னு சொன்ன.

— சொன்னேன்.

— மெத்த விரிப்ப நீ தொவச்சுக் காயப் போட்டத நான் ஜன்னல்ல பாத்தேன்.

— ஆமா.

— அதுக்கப்புறம் மெஷின நீ தொடவே உடல.

— ஆமாங்க.

— டெய்சி, நான் ஒண்ணு கேக்குறேன். தப்பாப் பட்டுச்சுன்னா செருப்பால அடி. வாங்கிக்கிறேன்.

— கேக்காதீங்க.

— உன் பள்ளிக்கூடத்து உத்திராபதி வாத்தியாரு வண்டியில மழையில ஒரு நாள் வந்து எறங்குன...

— அவருக்கு ரிட்டயர்டு ஆவ ஆறு மாசம் இருக்கு. கொடை புடிக்கவே கை நடுங்குது அந்த மனுஷனுக்கு. உங்களுக்கு வேற ஆளே கெடைக்கலியா?

— அப்ப யாரு? இரு. சொல்லாத. பேரு வேணாம். பேரத் தெரிஞ்சிக்கிட்டா தெனம் அந்தப் பேரோட படுக்கணும். நான் சொல்றதக் கேளு. எவனா இருந்தாலும் இருந்துட்டுப் போறான். மெஷின்ல வந்துச்சுன்னு கோகுலுகிட்ட சொல்லிக்கலாம். மாதா குடுத்ததுன்னு அம்மா ஊரெல்லாம் சொல்லும், ஏலாக்குறிச்சிக்குத் தேரு நேந்துக்கும். நானும் ஆமான்னு தலயாட்டிட்டுப் போறேன். எம் புள்ளன்னு ஞானஸ்நானப் புஸ்தகத்துல கையெழுத்துப் போடுறேன். நீ மட்டும் என்ன உட்டுட்டுப் போயிடாத டெய்சி. ராத்திரி திருப்பிப் போட ஆளில்லன்னா நான் புண்ணு வச்சே செத்துப் போயிடுவேன்.

— அய்யோ, நிறுத்துங்க. உங்களுதுதாங்க. உங்க புள்ளதான்.

— எப்படி என்னுது? மெத்தையில கொட்டுனதுக்குக் கால் மொளச்சு நடந்து வந்துச்சா?

— கொட்டல.

— என்ன?

— கப்பு கொட்டலங்க. ஒரு சொட்டு கொட்டல. விரிப்ப சும்மாத்தான் தொவச்சுப் போட்டேன். நீங்க பாக்கணும்னுதான் ஜன்னலுக்கு நேரா காயப் போட்டேன்.

— அப்ப சிரிஞ்சுல எடுத்து நீயே உள்ள வச்சுக்கிட்டியா?

— ஆமாங்க.

— அடிப் பைத்தியமே. அடி என் பைத்தியமே! இதுக்கா? என்ன உக்கார வச்சுட்டு, நான் அரமயக்கத்துல கெடந்தப்ப அந்த வேலையப் பாத்துட்ட. இதச் சொல்றதுக்கா ஒரு மாசம்? இதுக்கா நன்மை வாங்காம முக்காடு போட்டுக்கிட்டு உக்காந்த? இதுல என்னாடி பாவம் இருக்கு? நீ ரெண்டு உசுரக் காப்பாத்தியிருக்க, பாத்தியா? என்னையும் காப்பாத்தி, இதையும்...

— அப்படிச் சொல்லாதீங்கன்னு சொன்னேன்ல!

— ஏன்டி கத்துற?

— சாமியார்கிட்டச் சொல்றதுக்கு முந்தி உங்ககிட்டச் சொல்லணும். அதான் அங்க வாய் வரல. சொன்னதுக்கப்புறம் நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேன். அடிச்சாலும் சரி, எங்க அப்பன் வூட்டுக்குப் போன்னாலும் சரி.

— பயமுறுத்தாத டெய்சி. என்னன்னு சொல்லித் தொல.

— நான் போன எடுக்கப் போவலங்க.

— டவரு கெடைக்கலன்னு கொல்லைக்கு...

— கொல்லைக்கே போவல. போனு இங்கதான் உங்க தலமாட்டுல கெடந்துச்சு. கப்ப எடுத்துக்கிட்டு அந்த ரூமுக்குப் போயிட்டேன்.

— என்ன உக்கார வைக்காமயா?

— இத உட்டா இன்னொரு தடவ இந்த மனுஷன இதுக்கு உட மாட்டேன், இது ஒண்ணுதான்னு தோணுச்சு. ஆறிப் போனா வீணாப் போயிடும்னு தோணுச்சு. உங்களுக்கு என்ன ஆவும்னு தெரியாம இல்ல. எல்லாந் தெரியும். தெரிஞ்சுதான் போனேன். சிரிஞ்சுல ஏத்திக்கிட்டு, காலத் தூக்கி சுவத்துல வச்சுக்கிட்டு, பத்து நிமிஷம் அசையாமப் படுத்திருக்கணும்னு படுத்துட்டேன். சுவத்துக் கடியாரத்தையே பாத்துக்கிட்டு. நீங்க 'டெய்சி, டெய்சி, தல வெடிக்குதுடி'ன்னு கூப்புடக் கூப்புட.

— பத்து நிமிஷமா?

— ஆறாவது நிமிஷத்துல உங்க சத்தம் நின்னுருச்சு. அப்பவும் நான் எந்திரிக்கலங்க.